தாய்மொழியை மறுத்த சிறுவன்

சென்னையில் பாரிமுனைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு தெரிந்திருக்கும். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ‘ஆர்மீனியன் தெரு’ என்பதுதான் நம்மவர் நாவில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. வாணிபம் செய்ய வந்த ஆர்மீனியர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் அத்தெருவில் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்ததும் நம் சென்னையில்தான். பிழைக்க வந்த ஊரில் தம் மொழிக்குப் பத்திரிகை கண்டவர்கள் அவர்கள்.

அந்த இனத்தில் பிறந்து, “எனக்கு இந்த மொழி வேண்டாம்” என்று சிறுவயதில் ஒதுக்கிய ஒருவர், பின்னாளில் உலகம் அறிந்த திரைப்பட இயக்குநரானார். கனடா நாட்டின் ஆட்டம் எகோயன்தான் அவர். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் அவர் கதையை அறிந்துகொள்வது நல்லது.

எகோயன் 1960இல் எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் பிறந்தார். ‘ஆட்டம்’ என்றதும் நாம் ஆடும் ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். அது அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். எகிப்தில் முதல் அணு உலை அமைந்த காலம் அது. அதன் நினைவாகவே அந்தப் பெயரை வைத்தார்களாம். பெற்றோர் இருவரும் ஓவியர்கள். குழந்தைக்கு விவரம் தெரியும் முன்பே குடும்பம் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள விக்டோரியா நகருக்குக் குடியேறியது. தூரிகை சோறு போடாது என்பதால் மரச்சாமான் கடை வைத்தார்கள். வாயில் நுழையாத ‘யெகோயன்’ என்ற குடும்பப் பெயரை ‘எகோயன்’ என்று சுருக்கிக் கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் போன சிறுவனுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்க ஆசை. வீட்டில் ஆர்மீனியம் பேச மறுத்தான். அவன் ஆசை நிறைவேறியது. மொழியும் கைநழுவிப் போயிற்று.

பதினெட்டு வயதில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்தது சர்வதேச உறவுகள். கூடவே கிதார் வாத்தியம். அங்கே ஆர்மீனிய மாணவர்களோடு பழகிய பிறகுதான் தாம் விட்டது என்ன என்பது அவருக்கு உறைத்தது. மொழியைத் திரும்பக் கற்கத் தொடங்கினார். அந்தத் தவிப்பே அவர் படங்களுக்குக் கரு ஆயிற்று.

1984இல் வந்த முதல் முழுநீளப் படம் ‘நெக்ஸ்ட் ஆஃப் கின்’. வசதியான ஆங்கிலேயக் குடும்பத்து இளைஞன் ஒருவன், கைக்குழந்தையாக இருந்த மகனைப் பிறர் வளர்ப்பில் விட்டுவிட்டு ஏங்கும் ஆர்மீனியப் பெற்றோரிடம் போய், “நான்தான் உங்கள் மகன்” என்கிறான். அதில் நடித்த அர்சினே கஞ்சியன் பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணையானார், அவரும் ஆர்மீனியரே.

1987இல் ‘ஃபேமிலி வியூயிங்’. மகன் குழந்தையாக இருந்தபோது தாயோடு ஆர்மீனியம் பேசிய காட்சிகள் வீடியோ நாடாக்களில் இருக்கின்றன. தந்தையோ அவற்றின் மேலேயே வேறு காட்சிகளைப் பதிவு செய்து அழித்து வருகிறார். பாட்டி முதியோர் இல்லத்தில் கிடக்கிறாள். மகன் நாடாக்களையும் மீட்கிறான், பாட்டியையும் மீட்கிறான். மாண்ட்ரீல் விழாவில் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ், தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையை இந்தப் படத்துக்காக எகோயனிடம் தந்தார் என்றால் அதன் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

1993இல் வந்த ‘காலண்டர்’ படத்தில் எகோயனே நடித்தார். நாட்காட்டிக்காகத் தேவாலயங்களைப் படமெடுக்க ஆர்மீனியா போகும் புகைப்படக்காரர் வேடம். அவருக்கு மொழி தெரியாது. வழிகாட்டி சொல்வதை மனைவிதான் மொழிபெயர்க்கிறாள். நாளடைவில் அவள் மனம் அந்த மண்ணிலும் வழிகாட்டியிடமும் ஒட்டிக்கொள்ள, கணவன் மட்டும் தனியே கனடா திரும்புகிறான். முன்னோர் மண்ணில் நின்றும் அவன் அந்நியன்தான்!

1997இல் வந்த ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ அவரை உச்சிக்குக் கொண்டு சென்றது. பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளை இழந்த ஒரு சிற்றூரின் கதை இது. ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய நாவலின் திரைவடிவம். கான் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது. இயக்கம், தழுவல் திரைக்கதை என இரண்டு பிரிவுகளில் ஆஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

அந்தப் புகழுக்குப் பிறகு 2002இல் ‘அராரத்’ எடுத்தார். 1915இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்ட கொடுமையும், அதன் நினைவு பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் அதன் பொருள். தாயைப் பறிகொடுத்த ஓவியர் அர்ஷில் கோர்க்கி அதில் ஒரு பாத்திரம். எகோயன் தம் மகனுக்கு வைத்த பெயரும் அர்ஷில்தான்.

பின்னர் வந்த படங்கள் சில முன்போல் பாராட்டுப் பெறவில்லை. ஆயினும் அவர் ஓயவில்லை. இசை நாடகங்களையும் இயக்கினார். 2023இல் வந்த ‘செவன் வெயில்ஸ்’ படமும் அப்படி ஒரு மேடைத் தயாரிப்பைச் சுற்றிய கதையே. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவர் படங்கள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கவை அல்ல.

எங்கள் வீட்டிலும் ஒரு நாடா உண்டு. பேத்தி மூன்று வயதில், ஊரிலிருந்து வந்த என் தாயாரோடு மழலைத் தமிழில் சண்டை போடுவது அதில் பதிவாகி இருக்கிறது. இன்று பாட்டி தொலைபேசியில் “சாப்பிட்டியா கண்ணு?” என்றால், பேத்தி இந்தியில் பதில் சொல்லிவிட்டுக் கருவியை என்னிடம் நீட்டுகிறாள். பாட்டி ஒவ்வொரு தடவையும் “என்னடா சொல்றா?” என்று என்னைக் கேட்கிறாள். நான் மொழிபெயர்க்கிறேன்.

குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. விக்டோரியாவில் அந்தச் சிறுவன் விரும்பியதைத்தான் அவளும் விரும்புகிறாள். எகோயன் இளமையிலேயே விழித்துக்கொண்டு, இழந்ததைத் தேடிப் போனார். நம் பிள்ளைகளும் ஒருநாள் தேடலாம். அப்போது பதில் சொல்லப் பாட்டி இருக்க வேண்டுமே!

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்தியைச் சங்கத்தின் தமிழ் வகுப்பில் சேர்க்கப் போகிறேன். அதற்கு முன், இன்று இரவு தொலைபேசியை நான் வாங்கப் போவதில்லை. பாட்டியும் பேத்தியும் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொள்ளட்டும்.