கோழிகளின் மூச்சு நோயும் கண் நோயும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்துப் புழக்கடைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நேற்று வரை குப்பையைக் கிளறித் திரிந்த பெட்டைக் கோழி, இன்று சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியவாறு மூலையில் நிற்கும். மூக்கில் நீர் வடியும். வீட்டார் "சளி பிடித்துவிட்டது" என்று கூறி மிளகும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பர். சில சமயம் கோழி பிழைக்கும். சில சமயம் ஒரு வாரத்திற்குள் கூண்டே காலியாகிவிடும்.

பத்துக் கோழிகள்தானே என்று இதனை அலட்சியம் செய்தல் தகாது. மழைக்காலத்தில்தான் தறிக்குழியில் நீர் ஊறும், பாவு உலராது, நெசவாளர் வீட்டில் கூலி நின்றுபோகும். உழவர் வீட்டிலும் அறுவடைக்கு முன்னுள்ள பஞ்ச நாட்கள் அவையே. அந்நாட்களில் முட்டையும், ஒரு சேவலை விற்ற பணமுமே இல்லத்தரசியின் கைக்காசு. அக்காசு கைக்கு வரவேண்டிய நேரத்தில் நோய் புகுந்துவிடுகிறது.

சளி என்பது ஒரே நோயன்று. பல நோய்கள் காட்டும் பொதுவான அடையாளமே அது. எந்த நோய் என்று அறியாமல் கொடுக்கும் மருந்து வீண்.

நோய்களைப் பிரித்தறியும் முறை

முதலாவது, வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அதையடுத்துக் குமாயூன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டதால் நம் நாட்டில் இப்பெயர் பெற்றது. கோழி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். பிழைத்திருப்பவற்றுள் சில கழுத்துத் திருகி, கால் செயலிழந்து நிற்கும். இது வைரஸ் நோயாதலின் இதனைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தடுப்பு மருந்து ஒன்றே வழி.

இரண்டாவது, கொரைசா என்னும் தொற்றுச் சளி. கண்ணைச் சுற்றி முகம் உப்பி, இமைகள் ஒட்டிக்கொள்ளும். மூக்குநீரில் துர்நாற்றம் வீசும். இந்நாற்றமே இதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கோழியிலிருந்து மற்றவற்றிற்கு இரண்டு மூன்று நாட்களில் பரவிவிடும். இது பாக்டீரியாவால் வருவதால் உரிய மருந்துக்குக் கட்டுப்படும்.

மூன்றாவது, மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வரும் நாட்பட்ட மூச்சு நோய். இது மெல்லப் பரவும். இரவில் கூண்டருகே நின்று கேட்டால் 'கொர் கொர்' என்னும் ஒலி கேட்கும். கண்ணில் நுரை காணும், முட்டை குறையும். தாய்க்கோழியின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இது செல்லும்.

நான்காவது, அம்மை. கொண்டையிலும் இமைகளிலும் கொப்புளங்கள் கிளம்பிக் கண்ணை மறைக்கும். சில கோழிகளுக்குத் தொண்டையினுள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சு முட்டும். இதனைக் கொசுக்கள் பரப்புகின்றன. கூவம் ஆற்றோரத்திலும் தேங்கிய குட்டைகளின் அருகிலும் கோழி வளர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

இவையன்றித் தொற்றில்லாத காரணங்களும் உண்டு. பசுந்தழை காணாத கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து, கண்ணில் தயிர்க்கட்டி போன்ற வெண்பொருள் சேரும். மழைக்கு அஞ்சிக் கூண்டைச் சாக்காலும் பாலிதீன் தாளாலும் முற்றும் மூடிவிட்டால், ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி கண்ணை எரித்து மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். விடியலில் கூண்டைத் திறந்து, கோழி நிற்கும் உயரத்திற்குக் குனிந்து பாருங்கள். நம் கண் கரித்தால் கோழியின் கண் எப்படி இருக்கும்?

முதல் நாளில் செய்யவேண்டியவை

நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கவேண்டும். அதற்குத் தண்ணீர்க் கலம் வேறு. நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனிக்கவேண்டும்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பிட்டு ஆறவைத்துக்கொள்க. சுத்தமான பஞ்சை அதில் நனைத்து, ஒட்டிய இமையை ஊறவைத்து மெல்லத் துடைக்கவேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்கலாகாது. துடைத்த பஞ்சை எரித்துவிடுக. அம்மைப் பொருக்கைப் பிய்க்கலாகாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். இராணிக்கெட் கிருமி மனிதர் கண்ணிலும் பட்டுக் கண்நோயை உண்டாக்கும்.

வீட்டில் மீந்துபோன மனிதருக்கான கண் சொட்டு மருந்தை விடுவோர் சிலர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணிலுள்ள புண் பெரிதாகும். கால்நடை மருத்துவர் கூறும் மருந்தையே இடவேண்டும்.

நம் அனுபவம் ஒன்று

ஒரு கார்த்திகையில் வாரச்சந்தையில் இரண்டு பெட்டைகளை வாங்கி, அன்று மாலையே மற்றவற்றோடு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் இரண்டு கோழிகளுக்கு முகம் வீங்கிற்று. வாரம் முடிவதற்குள் ஏழானது. கடையில் கேட்டு வாங்கிய பொடியை இரண்டு நாள் நீரில் கலக்கினோம். வீக்கம் வடிந்தது, நிறுத்திவிட்டோம். பத்து நாளில் நோய் மீண்டும் வந்து நான்கு கோழிகளைக் கொண்டுபோயிற்று. கற்ற பாடங்கள் மூன்று: புதுக்கோழியை மூன்று வாரமேனும் தனியே வைத்திருக்கவேண்டும், மருந்தை மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் கொடுக்கவேண்டும், தேறிய கோழியும் கொரைசாக் கிருமியைச் சுமந்து திரியும். மருந்து கொடுக்கும் காலத்திலும், அதன் பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள் வரையிலும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது, விற்கலாகாது.

வருமுன் காத்தல்

கூண்டின் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்; மேற்பக்கம் காற்றுப் போக வழி இருக்கட்டும். தரையில் உலர்ந்த உமியைப் பரப்பிக் கிளறிவிடவேண்டும். பூஞ்சணம் பூத்த வைக்கோல் நுரையீரலைக் கெடுக்கும். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தினமும் ஒரு பிடி கட்டித் தொங்கவிட்டால் வைட்டமின் குறை நேராது.

இராணிக்கெட் நோய்க்கு, குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசியும் போடுவது வழக்கம். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இவற்றைத் தயாரித்து வருகிறது. அரசு பல ஆண்டுகளாகப் பிப்ரவரி மாதத்தில் இருவார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போட்டு வருகிறது.

எனினும் ஓர் இடையூறு உண்டு. தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்கு உரிய அளவில் வருவது வழக்கம். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிடவேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே அதை வாங்கினால் தொண்ணூறு பங்கு வீணாகும். பத்து வீடு சேர்ந்தால் ஒரு துளியும் வீணாகாது. ஆகவே ஒவ்வொரு தெருவிலும் உறுப்பினர்கள் கோழிகளைக் கணக்கெடுத்து, மழைக்கு முன்னதாகவே ஒரு நாளைக் குறித்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லிவைப்பது நலம்.

ஒரே நாளில் பல கோழிகள் மடிந்தாலோ, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாய்ந்தாலோ, அவற்றை அறுக்காமலும் கூவத்தில் எறியாமலும் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்ட பறவைக் காய்ச்சலும் அவ்விதமே தோன்றும்.

ஒரு வீட்டுக் கோழியின் நோய் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. அதைத் தடுக்கும் முயற்சியும் வேலியைத் தாண்டி, எல்லா வீட்டாரும் சேர்ந்து செய்வதாக இருத்தல் வேண்டும்.