சாமை விளையும் வீட்டில் சிப்ஸ் பாக்கெட்!

அரியூர் நாட்டிலிருந்து ஒரு வாசகி இப்படிக் கேட்டிருந்தார். “கொல்லிமலையில கொஞ்சம் சாமையும் கேழ்வரகும், மிச்ச நிலத்துல குச்சிக்கிழங்கும் போடுறோம். பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா அஞ்சு ரூபா பாக்கெட்டுக்கு அடம் பிடிக்கிறா. வீட்டுல சாமைச் சோறுன்னா மூஞ்சியைச் சுளிக்கிறா. அடிச்சும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு. என்னதான் செய்யறது?”

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. பிள்ளை வளர்க்கும் எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் உள்ள பிரச்னை. அதனால், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வாய் மாறினால் வயல் மாறும்

கொல்லிமலையின் 14 நாடுகளில் அரியூர் நாடும் ஒன்று. இந்த மலையில் பெருஞ்சாமை, சிட்டஞ்சாமை, மல்லியச்சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள் உண்டு. தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றிலும் நாட்டு ரகங்கள் இருக்கின்றன. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறியது. கையில் காசு கிடைத்தது. ரேஷன் அரிசியும் வந்தது. உரலில் சாமை குத்துகிற பாடு பெண்களுக்குக் குறைந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கிழங்குக் காசில்தான் பல வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஆனால், வீட்டில் சமைக்காத தானியத்துக்கு விதை எடுத்து வைக்க ஆள் இருக்காது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்துவருகிறது. விதை வங்கி வைத்ததோடு அது நிறுத்திக்கொள்ளவில்லை. தோல் நீக்கும் இயந்திரம், சுயஉதவிக் குழு, மாவு, பாக்கெட், விற்பனை என்று சாப்பிடுகிறவர் வரை போக வேண்டியிருந்தது. தின்ன ஆள் இருந்தால்தான் விதை நிலைக்கும் என்பதே இதில் நமக்குப் பாடம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. உலகமே சிறுதானியத்தைத் தேடும்போது, விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை அதை ஒதுக்கினால், அடுத்த தலைமுறையில் விதைக்கப்போவது யார்?

ஆகவே, பிள்ளை கையில் இருக்கும் அஞ்சு ரூபாய் சின்ன விஷயம் இல்லை.

பாடம் 1: கணக்குப் போடவிடுங்கள்

‘அது கெடுதல்’ என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. பாக்கெட்டின் பின்பக்கம் எடை போட்டிருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள். அஞ்சு ரூபாய் பாக்கெட்டில் 10 கிராம் என்று இருந்தால், ஒரு கிலோ 500 ரூபாய் ஆகிறது. பக்கத்திலேயே, அப்பா கடைசியாக ஒரு கிலோ கிழங்கு என்ன விலைக்கு விற்றார் என்று எழுதச் சொல்லுங்கள். இடையில் இருக்கும் பணம் எங்கே போனது என்று பிள்ளையே கேட்கும். வறுக்கிற செலவு, எண்ணெய், பாக்கெட், லாரி வாடகை, விளம்பரம், கடைக்காரர் லாபம் என்று நீங்கள் விளக்கலாம். மதிப்புக்கூட்டல் என்றால் என்ன என்பதும் அதோடு புரிந்துவிடும்.

பாடம் 2: பாக்கெட்டைப் படிக்கப் பழக்குங்கள்

தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் ஆகிய நாலையும் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். சேர்த்திருக்கும் பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ‘கேழ்வரகு பிஸ்கட்’ என்று முன்னால் பெரிதாக எழுதிவிட்டு, பின்னால் மைதாவும் சர்க்கரையும் முதலில் வந்தால், அது பெரும்பாலும் மைதா பிஸ்கட்தான். இதைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி. அச்சிட்ட விலைக்கு மேல் யாராவது கேட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்பதும் தெரியட்டும்.

பாடம் 3: யாரிடம் பேரம் பேசுகிறோம்?

இது பெரியவர்கள் கற்க வேண்டிய பாடம். சந்தையில் கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அடுத்த கடையில் பாக்கெட்டில் அச்சிட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். பிள்ளை இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. நம் மிளகையும் பலாவையும் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நமக்கு எப்படி வயிறு எரிகிறது? அதை அந்த இடத்திலேயே பிள்ளைக்குச் சொல்லுங்கள். மகளிர் குழுவின் முறுக்கோ தேனோ வாங்கினால், அந்தக் காசு நம் ஊரிலேயே சுற்றும் என்பதையும் காட்டுங்கள்.

பாடம் 4: பை யார் பொறுப்பு?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. சட்டம் இருந்தாலும், பை எடுத்துப்போக மறந்தால் என்ன பயன்? அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ‘பை எடுத்தாச்சா?’ என்று அது உங்களைக் கேட்கட்டும். தின்ற பாக்கெட்டின் உறையைக் காட்டில் ஒரு மூலையில் புதைத்து, அடுத்த போகத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் புதைத்த வாழை இலை மண்ணாகியிருக்கும். உறை அப்படியே இருக்கும். மலையில் போடுகிற குப்பை மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். அய்யாறுதான் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. கீழே இருப்பவர்களுக்கும் அதுதான் தண்ணீர்.

பாடம் 5: கையில் ஒன்று கொடுங்கள்

‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் தோற்றுப்போவோம். கேழ்வரகு முறுக்கு, தினை உருண்டை, சாமைப் பாயசம், வறுத்த குச்சிக்கிழங்கு என்று சந்தைக்கு முதல்நாளே ஏதாவது செய்துவையுங்கள். சாமைச் சோறு பிடிக்கவில்லை என்றால், முதலில் அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பொங்கலாகவோ தோசையாகவோ கொடுங்கள். எப்போதாவது பாக்கெட் வாங்கித் தின்றால் திட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகள் தின்னும்போது, நம் பிள்ளைக்கும் ஆசை வரத்தான் செய்யும். அவமானப்படுத்தினால் ஒளித்துத் தின்னப் பழகும்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த சந்தை நாளில் மகள் கையில் 20 ரூபாயும் ஒரு துணிப்பையும் கொடுங்கள். என்ன வாங்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கணக்கு எழுதட்டும். முதல் வாரம் பாக்கெட்தான் வாங்குவாள், பரவாயில்லை. கூடவே, இந்தப் பட்டத்தில் ஒரு பாத்தியை அவள் பெயருக்கு ஒதுக்கிச் சாமை விதைக்கச் சொல்லுங்கள். தான் விதைத்துக் களை எடுத்த சாமையை எந்தப் பிள்ளையும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தின்னாது.

உங்கள் பிள்ளைகள் எழுதிய சந்தைக் கணக்கை எங்களுக்கு அனுப்புங்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும்.