ஊசிமுனையில் ஒரு சினிமா

கேமரா வேண்டாம், நடிகர் வேண்டாம். கையளவு ஃபிலிமும் பொறுமையும் போதும். ஆனால் அந்த ஃபிலிம்தான் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மும்பை தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் தமிழர்களுக்கு ஒரு விநோதம் பழக்கம். அவர்களது வட்டாரத்தைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிய நாயகன் (1987), காலா (2018) இரண்டுமே பெரும்பாலும் சென்னையில் போட்ட செட்டுகளில் எடுக்கப்பட்டவை. பணம் இருப்பவர்கள் எடுப்பார்கள், இல்லாதவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். சினிமாவின் எழுதப்படாத சட்டம் இது.

இந்தச் சட்டத்தை மீறிய ஒரு மரபு உண்டு. கேமராவையே தொடாமல், ஃபிலிம் மீது நேரடியாகக் கையால் படம் செய்வது. ஃபிலிமில் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. கட்டத்துக்குக் கட்டம் ஒரு மைப் புள்ளியைச் சற்றே தள்ளி வைத்தால், திரையில் புள்ளி நடக்கும். கறுப்பு ஃபிலிமின் பூச்சை ஊசியால் கீறினால் ஒளிக்கோடு பாயும். ஓரத்து ஒலிப்பட்டையில் கீறினால் சத்தமும் வரும். உழைப்புதான் மூலதனம்: 35 எம்.எம்.மில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி, 1,440 கட்டங்கள்.

நியூசிலாந்துக்காரரான லென் லை 1935இல் இப்படி வரைந்த 'எ கலர் பாக்ஸ்', பிரிட்டிஷ் தபால் துறையின் பார்சல் சேவைக்கு விளம்பரமானது. கையில் காசில்லாத நிலையில் அமெரிக்கர் ஸ்டான் பிராக்கேஜ், விட்டில்பூச்சிகளின் இறகுகளையும் புல்லையும் ஒட்டுநாடாக்களுக்கு இடையே வைத்து 1963இல் 'மாத்லைட்'டை உருவாக்கினார். கனடாவின் நார்மன் மெக்லாரன் கறுப்பு ஃபிலிமில் கீறிய 'பிளிங்கிட்டி பிளாங்க்', 1955இல் கான் விழாவில் குறும்படத்துக்கான உயர்ந்த விருதைப் பெற்றது. அதற்குச் சற்று முன், 1952-53இல், யுனெஸ்கோ சார்பில் இந்தியாவுக்கு வந்து பயிற்சி அளித்தவர் அவர்.

மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி 'எக்ஸ்ப்ளோரர்' (1968) போன்ற துணிச்சலான சோதனைகளைச் செய்தார். ஆனால் அதற்குக் கேமராவும் அரசுப் பணமும் இருந்தன.

தமிழ்ப் பிள்ளைகளுக்கோ இந்த வித்தையில் பாதி முன்பே தெரியும். பெட்டிக்கடையில் வாங்கிய ஃபிலிம் துண்டு, தண்ணீர் நிரப்பிய ஃபியூஸ் பல்பு, கண்ணாடியால் திருப்பிய வெயில்: சுவரில் எம்.ஜி.ஆர். தோன்றுவார். அசைய மட்டும் மாட்டார். அசைய வைக்கும் மீதிப் பாதியைச் சொல்லித்தர ஆள் இல்லை.

இப்போது ஃபிலிமே அருகிவிட்டது. இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1931இல் வெளிவந்த 'ஆலம் ஆரா', 'காளிதாஸ்' இரண்டுக்குமே பிரதி இல்லை. வெள்ளிச் சத்துக்காக உருக்கப்பட்ட சுருள்கள் ஏராளம். தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு மிஞ்சியவையும் காயலான் கடைக்குப் போயின.

அரிய பிரதிகள் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் பழைய விளம்பரச் சுருள், யாருக்கும் உதவாத பழுதான பிரதி, சுருளின் தலைப்பில் வரும் வெற்று ஃபிலிம், இவை போதும் ஒரு வகுப்பு நடத்த. கூடவே ஓடும் நிலையில் ஒரு பழைய புரொஜெக்டர். கழிவிலிருந்து காசு பண்ணத் தெரிந்த தாராவிக்கு, கழிவிலிருந்து சினிமா பண்ணுவது பெரிய காரியமல்ல. சுருளை எடைக்குப் போடும் முன் யாராவது பத்தடி வெட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.