தரங்கம்பாடிக் கோயில்களும் திருச்சபைப் பிரிவுகளும்

காரைக்காலுக்கு வடக்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் தரங்கம்பாடி. அவ்வூரின் அரசர் தெருவில் இரண்டு கிறித்தவக் கோயில்கள் உள்ளன. 1701இல் எழுந்த சீயோன் கோயில் இன்று தென்னிந்தியத் திருச்சபைக்கும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் கோயில் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் உரியன. இரண்டும் தேனிய ஆட்சியில் லுத்தரன் கொள்கையினர் எழுப்பியனவே. அங்ஙனமாகவும், அவை இரு வேறு சபைகளுக்கு உரியவானது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620இல் உடன்படிக்கை செய்து தேனியர் இவ்வூரைப் பெற்றனர். அவர்தம் வழிபாட்டிற்கென அமைந்தது சீயோன் கோயில். நான்காம் பிரெடரிக் மன்னர் அனுப்ப, 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூச்சோவும் இங்கு வந்திறங்கினர். மறு ஆண்டில் அவர்தம் பணியின் முதல் திருமுழுக்கு சீயோன் கோயிலிலேயே நிகழ்ந்தது. அவ்வாண்டே தமிழ் மக்களுக்கெனத் தனிக்கோயில் ஒன்று எழுந்தது. பின்னர்ச் சிலுவை வடிவில் புதிய எருசலேம் கோயில் கட்டப்பெற்றது. 1719இல் மறைந்த சீகன்பால்கின் உடல் அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

இப்பணி ஒரு சபையார் மட்டும் தாங்கியதன்று. அனுப்பியவர் தேனிய மன்னர். தமிழ் எழுத்துகளை வார்த்து உதவியோர் செருமனியின் ஹாலே நகரத்தார். அச்சுப்பொறி வழங்கியது இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். அக்கழகம் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கழகத்தின் ஊதியம் பெற்றுத் தமிழகத்தில் பணியாற்றிய சுவார்ட்சு, பெப்ரீசியசு முதலியோர் லுத்தரன் குருமார்களே. ஆயர் கையால் குருப்பட்டம் பெறாமை அன்று அவர்தம் பணிக்குத் தடையாகவில்லை.

அந்நிலை அடுத்த நூற்றாண்டில் மாறிற்று. 1814இல் கல்கத்தாவில் ஆங்கிலப் பேராயர் பதவி நிறுவப்பெற்ற பின், ஆயரிடம் பட்டம் பெறுதலே முறையென வலியுறுத்தப்பட்டது. 1845இல் தேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். சீயோன் கோயில் இங்கிலாந்துத் திருச்சபை வழிச் சென்றது. புதிய எருசலேம் கோயில் லைப்சிக் நகர லுத்தரன் சங்கத்தின் பொறுப்பிற்கு வந்தது. ஆட்சி மாற்றமும் குருப்பட்டம் பற்றிய கருத்து வேறுபாடுமே இக்கோயில்களைப் பிரித்தன என்பது இதனாற் புலனாகும்.

ஒற்றுமை முயற்சியும் இவ்வூரிலேயே தோன்றியமை கருதத்தக்கது. 1919 சனவரியில் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றியது. அவ்வாண்டு மே முதல் இரு நாள்களில், தோர்ணக்கல் பேராயர் அசரியா உள்ளிட்ட 33 பேர் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஒன்றிப்பை வேண்டி அறிக்கை விடுத்தனர். அவருள் பெரும்பாலார் இந்தியர். அம்முயற்சியின் பயனாக 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. லுத்தரன் திருச்சபை அதனுட் சேரவில்லை. பின்னர் நிகழ்ந்த உரையாடல்களாலும் அமைப்பு ஒன்றிப்புக் கைகூடிற்றில்லை. ஒன்றிப்பிற்கு அழைப்பு விடுத்த ஊரிலேயே இரு கோயில்களும் இரு சபைகளின் கீழ் நிற்கின்றன.

தமிழாய்வாளர் இதனின்று கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. பெப்ரீசியசின் விவிலிய மொழிபெயர்ப்பு, ஆங்கிலக் கழகத்தின் துணையோடு வேப்பேரியில் அச்சேறியது. 1871இல் பவர் முதலியோரின் திருத்தப் பதிப்பு வெளிவந்த பின்னரும், லுத்தரன் சபையார் பழைய மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் போற்றினர். அதனால் அதனைத் தொடக்கம் முதலே லுத்தரன் சபைக்கு மட்டும் உரிய நூல் எனக் கொள்வது பொருந்தாது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவத் தமிழ் உரைநடை பலர் கூடி வளர்த்த பொதுச் சொத்து. இன்றைய சபைப் பெயர்களை அதன்மேல் ஏற்றி ஆராயின், அந்நடையின் வரலாறு திரிந்தே தோன்றும். அரசர் தெருவின் இரு கோயில்களும் நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.