கேழ்வரகும் ஓட்ஸும் கலந்த பிஸ்கோத்து

பெங்களூரு நகரத்து மக்களுக்குக் கேழ்வரகு புதிய தானியமன்று. முத்தே எனப்படும் கேழ்வரகுக் களியும், பொரித்து அரைத்த ஹுரிஹிட்டு மாவும் மைசூர்ச் சீமையின் பழைய உணவுகள். ஓட்ஸ் தானியமோ பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் அது பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பயிரிடப்படுகிறது. மனிதர் உண்ணும் ஓட்ஸ் அவல் நகரத்துக் கடைகளின் வழியே வீடுகளுக்குள் நுழைந்தது. இவ்விரு தானியங்களும் இன்று பிஸ்கோத்து வடிவில் பெருமளவில் விற்பனையாகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், கேழ்வரகின் பெயரைத் தாங்கிய பண்டங்கள் மேலும் பெருகின. வீட்டிலேயே ஓவன் வைத்துப் பிஸ்கோத்துச் சுடும் பழக்கமும் பரவியுள்ளது.

நீரிழிவு உடையவர்க்கும் வளரும் குழந்தைகட்கும் இப்பிஸ்கோத்துகள் ஏற்றவை என்னும் நம்பிக்கை பலரிடம் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுக்கு உள்ளானவர்கள். ஆதலால் இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்று கணக்கிட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

தானியங்களின் தன்மை

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள மைதாவில் இருப்பது 20 மில்லிகிராம் அளவே. நார்ப்பொருளிலும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இதற்குக் காரணம் எளியது. கோதுமையிலிருந்து மைதா எடுக்கும்போது தவிடும் முளையும் நீக்கப்படுகின்றன. கேழ்வரகு மணியோ கடுகினும் சிறியது. அதன் மேல்தோல் உள்ளிருக்கும் மென்மையான மாவுப் பகுதியோடு இறுக ஒட்டியிருக்கிறது. அரிசியைப் போல் அதனைத் தீட்டுவது எளிதன்று. ஆகவே அது வழக்கமாகத் தோலோடு முழுமையாகவே அரைக்கப்படுகிறது. ஏழையின் தானியம் என்று ஒதுக்கப்பட்ட கேழ்வரகு தன் சத்தைக் காத்துக்கொண்டதற்கு அதன் சிறுமையே துணை நின்றது எனலாம்.

கேழ்வரகின் தோலில் டானின் முதலிய பொருள்களும், தானியம் முழுவதிலும் பைடிக் அமிலமும் உள்ளன. இவை இரும்பையும் சுண்ணாம்பையும் பற்றிக்கொண்டு, குடல் அவற்றை உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால் இத்தடை குறைகிறது. முளைக்கும் விதையில் எழும் நொதிகள் பைடிக் அமிலத்தைச் சிதைக்கின்றன. மாவுச்சத்தின் ஒரு பகுதியையும் இனிப்பாக மாற்றுகின்றன. முளைகட்டி உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்த மாவே ராகி மால்ட் என்பது. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இம்முறையைக் குழந்தை உணவுகளுக்காக விரிவாக ஆராய்ந்துள்ளது.

ஓட்ஸின் சிறப்பு வேறு வகையானது. அதில் பீட்டா குளூக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள் நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு உள்ளது. நீரில் ஊறினால் அது வழவழப்பாகிக் கஞ்சியைக் கெட்டியாக்குகிறது. குடலிலும் அவ்வாறே கெட்டியாகிப் பித்த அமிலங்களைத் தன்னோடு இழுத்துச் சென்று வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடு செய்யக் கல்லீரல் குருதியிலுள்ள கொலஸ்டிராலைப் பயன்படுத்துவதால், குருதியில் அதன் அளவு குறைகிறது. கொழுப்புக் குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் உண்பது இதயநோய் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று ஓட்ஸ் பொட்டலங்களில் அச்சிட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. ஓட்ஸின் உலகப் புகழில் பெரும்பகுதி இந்த மூன்று கிராமைச் சார்ந்தது. பிஸ்கோத்துக்கு அப்புகழ் பொருந்துமா என்பது பின்னர்க் காணப்படும்.

வீட்டில் செய்யும் முறை

ரொட்டி உப்புவதற்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதம் இன்றியமையாதது. பிஸ்கோத்துக்கு அது வேண்டுவதில்லை. மிகுந்தால் பிஸ்கோத்து விறைத்துப்போகும். குளூட்டன் இல்லாத கேழ்வரகு ரொட்டிக்கு ஒத்துவராவிடினும் பிஸ்கோத்துக்கு நன்கு ஒத்துவருவது இதனாலேதான். உதிர்ந்து போகாதபடி பிடித்து நிறுத்தும் வேலையை ஊறிய ஓட்ஸ் பார்த்துக்கொள்கிறது.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பிஸ்கோத்தில் சுவையைத் தவிர வேறு பணிகளும் உண்டு. கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்து, அவை ஒன்றோடொன்று இறுகாமல் தடுப்பதால் பிஸ்கோத்து வாயில் கரைகிறது. சர்க்கரை சூட்டில் உருகிப் பிஸ்கோத்தைப் பரவச் செய்கிறது. ஆறியபின் கண்ணாடிபோல் இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. பொன்னிறத்துக்கும் அதுவே துணை. ஆகவே இவற்றை ஒரேயடியாக நீக்கிவிட்டால் கிடைப்பது காய்ந்த அடையே. படிப்படியாகக் குறைப்பதே செய்யத்தக்கது. மேல்நாட்டு ஓட்ஸ் பிஸ்கோத்துச் செய்முறைகள் பலவற்றில் சர்க்கரையின் எடை, தானிய எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருக்கும். இதனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பிஸ்கோத்து கெடுவதில்லை.

கேழ்வரகு மாவு 100 கிராம், ஓட்ஸ் அவல் 100 கிராம், வெண்ணெய் 90 கிராம், சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 70 கிராம், பால் மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி சிறிது ஆகியவை போதும். கேழ்வரகு மாவைப் பச்சை வாடை போகுமளவு மெல்லிய தீயில் வறுத்து ஆறவிட வேண்டும். ஓட்ஸில் பாதியைப் பொடித்து, மீதியை அவலாகவே வைத்துக்கொள்ளலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்கு குழைத்து, மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்தல் வேண்டும். இந்த இடைவேளையைப் பலர் தவிர்த்துவிடுகின்றனர். கேழ்வரகும் ஓட்ஸும் ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சுபவை. அவசரப்பட்டால் பிஸ்கோத்து மணல்போல் நறநறக்கும். பின்னர் 24 உருண்டைகளாக்கித் தட்டி, 170 டிகிரி சூட்டில் 15 முதல் 18 நிமிடங்கள் சுடலாம். ஓவன் இல்லாதவர், அடியில் மணல் பரப்பிய கனத்த பாத்திரத்தை மூடிச் சூடாக்கி, அதனுள் தட்டை வைத்துச் சிறுதீயில் சுடுவதுண்டு. அதற்கு நேரம் கூடுதலாகும்.

கேழ்வரகு மாவு இயல்பாகவே பழுப்பு நிறமுடையதாதலால், நிறத்தைக் கொண்டு பதம் காண இயலாது. இதனை அறியாமல் கருகவிடுவோர் பலர். ஓரம் விரலுக்கு உறுதியாகவும் நடுப்பகுதி சற்று மென்மையாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது அது தானே இறுகும். மாவுப்பண்டங்களை மிகையாகச் சுடும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உண்டாவதை ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 2002-இல் வெளியிட்டனர். மால்ட் மாவு கலந்தால் அதிலுள்ள இனிப்பால் பிஸ்கோத்து விரைவில் கருகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அதற்கேற்பச் சர்க்கரையையும் சூட்டையும் இன்னும் சிறிது குறைக்கலாம்.

வெல்லம் சேர்த்தால் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரையே. மணமும் சிறிது தாதுப்பொருளும் மட்டுமே அதில் கூடுதல். குருதியில் சர்க்கரையை உயர்த்துவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

கணக்கு என்ன சொல்கிறது?

மேற்கூறிய அளவில் செய்த பிஸ்கோத்து ஒன்றில் ஏறத்தாழ 70 கலோரியும் 3 கிராம் சர்க்கரையும் அடங்கும். சுண்ணாம்புச் சத்து சுமார் 18 மில்லிகிராம். வயதுவந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். நான்கு பிஸ்கோத்து தின்ற குழந்தைக்குக் கிடைப்பது 70 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு குவளைப் பாலில் அதைப்போல் மூன்று மடங்கு உள்ளது. நூறு கிராம் மாவில் கிண்டிய முத்தேயோ, வெண்ணெயும் சர்க்கரையும் இன்றியே 350 மில்லிகிராம் அளிக்கிறது.

ஓட்ஸின் மூன்று கிராம் பீட்டா குளூக்கானுக்கு வருவோம். அதற்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இச்செய்முறையில் அது 18 பிஸ்கோத்துகளில் அடங்கியுள்ளது. பதினெட்டையும் உண்பவர் அவற்றோடு 1,200 கலோரிக்கு மேலும், சர்க்கரை 50 கிராமுக்கு மேலும், வெண்ணெய் 67 கிராமும் உண்ண நேரும். உடலில் சேரும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டாயிரம் கலோரி உண்பவர்க்கு அது 50 கிராம். இதயத்துக்காகத் தொடங்கிய முயற்சி, இதயத்துக்கே பாரமாகிவிடும். நாற்பது கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால், தேவையில் பாதிக்கு மேல் சர்க்கரையின்றியே கிடைக்கிறது.

அப்படியாயின் இப்பிஸ்கோத்து பயனற்றதா? இல்லை. களிக்கும் கஞ்சிக்கும் இது மாற்றாகாது. தேநீரோடு எப்படியும் உண்ணப்படும் மைதாப் பிஸ்கோத்துக்கு இது மாற்றாகலாம். நார்ப்பொருள் கூடுதலாகவும், சர்க்கரை குறைவாகவும் உள்ளதே இதன் தகுதி. அளவு இரண்டு பிஸ்கோத்தோடு நிற்கும்வரை அத்தகுதி மெய்யானது. நீரிழிவு உடையவர்க்கும் இதே அளவுதான். கேழ்வரகு என்னும் பெயர் அவர்க்குத் தனிச் சலுகை எதுவும் அளிப்பதில்லை. மிக நுண்ணிதாக அரைத்த எந்த மாவும் விரைவில் செரித்துச் சர்க்கரையாகக்கூடியதே.

கடையில் வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. சேர்மானங்களை எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். முன்புறத்தில் கேழ்வரகுக் கதிரும், பின்புறத்தில் முதலாவதாக மைதாவும் இருக்குமாயின், அது மைதாப் பிஸ்கோத்தே. உணவுக் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வனஸ்பதியின் பெருங்குறை ஒன்று இதனால் குறைந்துள்ளது. கெட்டிக் கொழுப்பு பற்றிய எச்சரிக்கை இன்னும் தேவையே.

காரப் பிஸ்கோத்து

சர்க்கரையை அறவே நீக்க விரும்புவோர்க்குப் பெங்களூருவே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சிக்பேட்டையில் 1898-இல் முதற்கடை தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் ஐயங்கார் பேக்கரிகளின் புகழ்பெற்ற பண்டங்களுள் ஒன்று காரப் பிஸ்கோத்து. பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றின் மணமே அதற்கு உயிர். கடையில் அது மைதாவால் ஆனது. வீட்டில் கேழ்வரகு மாவும் முழுக்கோதுமை மாவும் நூறு நூறு கிராம் எடுத்துக்கொள்ளலாம். கோதுமை சேர்ப்பது மெல்லியதாகத் தேய்க்க வருவதற்காக. வெண்ணெய் 70 கிராம், உப்பு 4 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, பிசைவதற்குப் புளித்த மோர் ஆகியன வேண்டும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயுவை வெளியிடுவதால் பிஸ்கோத்து இலேசாகிறது. சர்க்கரையில்லாப் பிசைவு பரவாது, நிறமும் எளிதில் ஏறாது. ஆதலால் தேய்க்கும் கனமே மொறுமொறுப்பைத் தீர்மானிக்கிறது. இரண்டு காசு கனத்துக்கு மேற்படாமல் தேய்த்து, முள்கரண்டியால் குத்திச் சுட வேண்டும்.

ஹெப்பாளில் 1899-இல் தொடங்கிய சோதனைப் பண்ணையின் வழிவந்த வேளாண் பல்கலைக்கழகம் 1964 முதல் இயங்கி வருகிறது. அங்கே பேக்கரித் தொழிலில் பயிற்சி அளிக்கப்படுகிறது, சிறுதானியப் பண்டங்களும் கற்பிக்கப்படுகின்றன. வீட்டில் சிறு தொழிலாகத் தொடங்க எண்ணுவோர் அங்கு பழகிக்கொள்ளலாம். குளூட்டன் ஒவ்வாதவர்க்கென்று செய்யும்போது மட்டும் கோதுமையை விலக்குவதோடு ஓட்ஸிலும் எச்சரிக்கை வேண்டும். ஆலைகளில் அது கோதுமையோடு கலந்துவிடுவதுண்டு. அவர்கட்குக் கேழ்வரகை வீட்டிலேயே கழுவி உலர்த்தி, கோதுமை அரைக்காத இயந்திரத்தில் அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது. காரப் பிஸ்கோத்து நன்கு ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்கப்பட வேண்டும். சூட்டோடு மூடினால் நீராவி படிந்து மறுநாளே நமுத்துவிடும்.