குளித்தலும் குளிர்வித்தலும்: ஒரு சொல்லும் ஒரு பழக்கமும்

பேராக் மாநிலத்தின் காம்பார் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை நாள்தோறும் கடைப்பிடித்தனர். இரப்பர்ப் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்கு வடியும்; ஆதலின் பெரட்டுக்கு முன்பே எழுந்தாக வேண்டியிருந்தது. இப்பழக்கத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் பலர், "குளிர்வித்தலே குளித்தல் ஆயிற்று, உறக்கத்தில் சூடேறிய உடலைக் குளிர்விக்கவே காலைக் குளியல்" என்று விளக்குவதுண்டு. கேட்பதற்கு இனிமையான இவ்விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் சொல்லை நோக்குவோம். 'குளி' என்பதன் அடிப்படைப் பொருள் மூழ்குதல் ஆகும். முத்துக்குளித்தல் என்னும் வழக்கு இதனை இன்றும் காட்டி நிற்கிறது. கடலடியில் மூழ்குபவர் உடலைக் குளிர்விக்கச் செல்வதில்லை. அம்பு உடலுள் பாய்ந்து மறைவதையும் இலக்கியம் 'குளித்தல்' என்றே குறிக்கும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 'குளி', 'குளிர்' இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. எனவே ஒலி ஒப்புமை ஒன்றைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனல் பொருந்தாது.

இரண்டாவது, உடலியல். உடல் வெப்பம் உறக்கத்தில் ஏறுவதில்லை. விடியலுக்கு முந்திய பொழுதிலேதான் அது மிகக் குறைந்த நிலையை அடைகிறது. ஆகவே 'சூடேறிய உடல்' என்னும் கூற்றும் நிலைபெறவில்லை.

இனி, தண்ணீர்க் குளியல் நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றாக நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வைச் சுட்டுவர். அதில் 3,018 பேர் பங்கேற்றனர். வெந்நீர்க் குளியலின் இறுதியில் 30 முதல் 90 விநாடி வரை குளிர்நீரில் நின்றோரிடையே, நோயின் பொருட்டு எடுத்த விடுப்பு 29 விழுக்காடு குறைந்தது. ஆயினும் நோயுற்றிருந்த நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதை எடுத்துரைப்போர் சிலரே. மேலும், அங்குக் குழாய் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 12 பாகை செல்சியசு. காம்பாரின் குழாய் நீரோ பெரும்பாலும் 25 பாகைக்கு மேற்பட்டது. மேலைநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், குளிர்காலக் குழாய் நீரைத் தொட்ட முதல் நாளிலேயே இவ்வேறுபாட்டை யான் உணர்ந்தேன். அத்தகைய கடுங்குளிர் நீர் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் திடீரென உயர்த்தும். இதய நோயாளர்க்கு அது தீங்காகலாம். இவ்விரு நீரையும் ஒன்றெனக் கருதி முடிவு கூறுதல் பிழையாம்.

நம் மரபும் தண்ணீரை மட்டும் போற்றவில்லை. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்பது தேரையர் வகுத்த நெறி. மொழியும் இரண்டையும் பிரித்தறிந்தது: தண்மை + நீர் தண்ணீர், வெம்மை + நீர் வெந்நீர். இன்று நாம் இயல்பாக வழங்கும் 'சுடுதண்ணீர்' என்பதில் 'தண்' தன் பொருளை இழந்து நிற்பது மாணவர்க்குக் காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு. 'குளம்' என்னும் நம் சொல் மலாயில் 'கோலம்' என வழங்குவதும் அவ்வாறே.

காலைக் குளியல் தூய்மையும் ஊக்கமும் தரும் நற்பழக்கம். அதனைப் போற்றப் பொய்யான சொற்பிறப்பு வேண்டியதில்லை. வகுப்பறையில் நாம் சொல்லும் ஒரு விளக்கம் பிழையென மாணவர் பின்னாளில் அறிந்தால், நாம் சொன்ன மெய்யையும் ஐயுறுவர். தமிழின் பெருமையைக் காக்க விழைவோர் முதலில் கருத்திற் கொள்ள வேண்டுவது இதுவே.