காவிரியில் பரிசற்பயணம்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திற்கு வடக்கே சிறிது தொலைவில் காவிரி ஓடுகிறது. மேட்டூரிலிருந்து அவ்விடம்வரை பரிசலில் வர எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டுவது அணையின் நீர்க்கணக்கே ஆகும். 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை, பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. திறக்குமுன் புறப்பட்டால் பரிசல் மணலில் தட்டும். கர்நாடக அணைகள் நிரம்பி வெள்ளம் பெருகும் நாளில் புறப்பட்டாலோ உயிருக்கே இடராகும்.

மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படும் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முற்காலத்தில் அதன் அடியில் தோலைப் போர்த்தினர். அது நீரோட்டத்தோடு எளிதிற் செல்லும். எதிர்த்துச் செல்லுதல் அரிது. ஆதலால் பரிசலோட்டிகள் திரும்புங்கால் அதைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே நடப்பர்.

இச்சுமை வரும்வழியிலும் தவிராது. ஜேடர்பாளையம், மாயனூர், முக்கொம்பு முதலிய இடங்களில் அணைகள் குறுக்கிடுகின்றன. மதகருகே நீரின் இழுப்பு மேற்பரப்பில் தோன்றாது; எனவே அணைக்கு நெடுந்தொலைவு முன்னரே கரையேறி, பரிசலைச் சுமந்து கடந்து, நீர் அடங்கிய இடத்தில் மீண்டும் இறக்குதல் வேண்டும். ஆற்றின் வலிமை அத்தகையது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பிலிருந்த பழைய கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. தென்கிளையாகிய காவிரியில் பரிசலை இறக்கியோரே சத்திரத்தின் அருகே கரையேறுவர்; வடகிளையில் இறக்கியோர் திருவரங்கத்திற்கு அப்பால் கொள்ளிடத்தோடு போய்விடுவர்.